ஆறாம் மாதத்திலேயே பிறந்த பிள்ளை: உங்கள் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

போன இதழில் குறைப்பிரசவம் பற்றிய ஒரு கேள்விக்கு நாலு வரியில் பதில் சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்கள் நாலு வரியில் முடிகிறவை அல்ல. அதனால் சளி, காய்ச்சல், பசியின்மை எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த முறை முழுக்க இதுதான். 37 வாரம் முடிவதற்குள் பிறந்தால் குறைமாதம். 28 வாரத்துக்கும் முன்பே பிறந்தால் மிக மிகக் குறைமாதம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகைப் பிள்ளைகளைப் பற்றியவை.

கேள்வி: என் மனைவிக்கு 27 வாரத்தில் பிரசவமாகிவிட்டது. குழந்தை 920 கிராம். கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். மூன்று வாரத்தில் ஆறு லட்சம் தாண்டிவிட்டது. நகை, பைக், வட்டிக்கு வாங்கியது எல்லாம் போய்விட்டது. இன்னும் ஒன்றரை மாதம் ஆகும் என்கிறார்கள். ஜி.எச்.சுக்கு மாற்றினால் பிள்ளையை நீயே கொன்ற மாதிரி என்று மாமனார் வீட்டில் சொல்கிறார்கள். நான் பனியன் கம்பெனியில் டெய்லர். என்ன செய்வது? (பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்: தம்பி, அரசு மருத்துவமனைக்கு மாற்றுவது பிள்ளையைக் கைவிடுவது ஆகாது. இதை முதலில் உங்கள் மனசுக்குச் சொல்லிக்கொள்ளுங்கள், அப்புறம் மாமனார் வீட்டுக்குச் சொல்லலாம்.

இந்த மாதிரிக் குழந்தைக்கு மிக ஆபத்தான கட்டம் பிறந்த முதல் மூன்று நாள். மூளைக்குள் ரத்தக் கசிவு வந்தால் பெரும்பாலும் அந்த 72 மணி நேரத்துக்குள்தான் வரும், நுரையீரல் விரியாமல் திணறுவதும் அப்போதுதான். அந்த நேரத்தில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்திருந்தால் நானே வேண்டாம் என்றிருப்பேன். உங்கள் பிள்ளை அதைத் தாண்டி வந்துவிட்டது. இப்போது நீங்கள் டாக்டரிடம் நேராகக் கேட்க வேண்டியது இதுதான்: வெண்டிலேட்டரிலிருந்து எடுத்தாகிவிட்டதா, மூக்கு வழியாகக் காற்று கொடுக்கும் சிபாப் மட்டும் போதுமா, குழாயில் கொடுக்கும் பாலைத் தாங்குகிறதா, இப்போதைக்குக் கிருமித் தொற்று ஏதும் உண்டா, எந்த நிலை வந்தால் மாற்றலாம்? காசில்லை என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். நல்ல மருத்துவர் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார். கையில் சுத்தமாகக் காசு தீர்ந்து, குழந்தையும் மோசமாக இருக்கிற ஒரு ராத்திரியில் அவசரமாக மாற்றுவதுதான் ஆபத்து. அதனால் இன்றைக்கே பேசுங்கள்.

அரசு மருத்துவமனையில் நெரிசல் உண்டு, ஒரு செவிலியர் கையில் பல குழந்தைகள் இருக்கும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் வெண்டிலேட்டர், சிபாப், நுரையீரலுக்குள் விடும் சர்ஃபாக்டன்ட் மருந்து எல்லாம் இருக்கிறது, ஒரு கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளை வருடம் முழுக்கப் பார்த்துப் பார்த்துக் கை பழகியவர்கள் இருக்கிறார்கள். மாற்றுவதற்கு முன் இங்குள்ள டாக்டர் அங்குள்ள டாக்டரிடம் போனில் பேசி இடம் உறுதி செய்யட்டும். 108இல் பச்சிளங்குழந்தைகளுக்கென்றே இன்குபேட்டர் உள்ள ஆம்புலன்ஸ் உண்டு, அதைக் கேளுங்கள். சாதாரண வேனில் துணியில் சுற்றி எடுத்துப் போகாதீர்கள்.

பணத்துக்கு வருவோம். உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள், ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? மாதச் சம்பளம் 21,000 வரை இருந்தால் பிடிக்க வேண்டும். பிடித்தால் உங்கள் பிள்ளைக்கும் அதில் சிகிச்சை பெற உரிமை உண்டு. திருப்பூரில் எத்தனையோ பேருக்கு அந்த எண் கையில் இருந்தும் கந்துவட்டிக்குப் போகிறார்கள், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஈ.எஸ்.ஐ. இல்லை என்றால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000க்குள் இருந்தால் சேரலாம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சையும் அதில் வருகிறது. நீங்கள் இருக்கிற தனியார் மருத்துவமனையே அந்தத் திட்டத்தில் இருக்கலாம், காப்பீட்டு மேஜையில் போய்க் கேளுங்கள். முன் அனுமதி வாங்கித்தான் சிகிச்சை, ஏற்கெனவே கட்டியது திரும்பி வராது, எனவே ஒவ்வொரு நாள் தாமதமும் உங்கள் காசு. அரசு மருத்துவமனையில் சேர்த்துவிட்டால் இந்த அட்டை எதுவும் இல்லாமலேயே, 2011இல் தொடங்கிய மத்தியத் திட்டத்தின்படி, ஒரு வயது வரை நோயுற்ற குழந்தைக்கு மருந்து, பரிசோதனை, ரத்தம், போக்குவரத்து எல்லாம் இலவசம்.

இன்னொன்று. பில்லைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். சர்ஃபாக்டன்ட் மாதிரி ஒன்றிரண்டைத் தவிர மருந்துச் செலவு பெரிதாக இருக்காது. மூச்சு விட மறந்துபோகிற குறைமாதக் குழந்தைக்குக் கொடுப்பது காஃபின், காப்பியில் இருக்கிற அதே பொருள்தான். படுக்கை, வெண்டிலேட்டர், மானிட்டர் என்று நாள்கணக்கில் ஏறுவதுதான் பில்லின் பெரும்பகுதி. டிஸ்சார்ஜ் ஆகிவிட்டால் செலவு முடிந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். கண், காது, மூளை ஸ்கேன், இரும்புச்சத்துச் சொட்டு, நுரையீரல் பலவீனமாக இருந்தால் முதல் மழைக்காலத்திலேயே மறுபடி ஒரு அட்மிஷன், பிசியோதெரபி. இதற்குக் கையில் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளத்தான் இப்போதே மாற்றுவதைப் பற்றிப் பேசச் சொல்கிறேன்.

கேள்வி: பேரன் 29 வாரத்தில் 1,200 கிராமில் பிறந்தான். ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. கண் டாக்டரிடம் காட்டச் சொல்லி எழுதியிருக்கிறார்கள். பிள்ளை விளக்கைப் பார்க்கிறான், கண் பளிச்சென்றுதான் இருக்கிறது. வெளியே தூக்கிப்போனால் சளி பிடிக்கும் என்று பயமாக இருக்கிறது. மூன்றாம் மாதம் தடுப்பூசிக்குப் போகும்போது சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாமா? (ஒரு பாட்டி, விருதுநகர்)

பதில்: வேண்டாம் அம்மா. நாளைக்கே போங்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் செய்துவிடுங்கள்.

விழித்திரையில் ரத்தக் குழாய்கள் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி வளர்ந்துகொண்டே போய், நிறைமாதம் நெருங்கும்போதுதான் விளிம்பைத் தொடும். இவன் 29 வாரத்திலேயே வெளியே வந்துவிட்டான். மிச்ச வளர்ச்சி ஆக்சிஜன் ஏறி இறங்குகிற சூழ்நிலையில் நடக்கிறது, சில பிள்ளைகளுக்குக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. கண்மணி வெள்ளையாகத் தெரிகிற நிலை வந்த பிறகு நாங்கள் செய்ய அநேகமாக எதுவும் மிச்சமிருக்காது. அதனால்தான் நம் நாட்டில் 34 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த எல்லாக் குழந்தைக்கும் பிறந்த 30 நாளுக்குள் முதல் கண் பரிசோதனை என்று வைத்திருக்கிறோம். 28 வாரத்துக்கும் முன்னே பிறந்தாலோ 1,200 கிராமுக்குள் இருந்தாலோ இரண்டு, மூன்று வாரத்திலேயே. உங்கள் பேரனுக்குத் தேதி தாண்டிவிட்டது.

பரிசோதனை எப்படி இருக்கும் என்று தெரிந்தால் பயம் குறையும். சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரிய வைப்பார்கள், அதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். மரத்துப்போக இன்னொரு சொட்டு. இமையைத் திறந்து பிடிக்கச் சின்னக் கம்பி ஒன்று வைத்து, தலையில் மாட்டிய விளக்காலோ கேமராவாலோ பார்ப்பார்கள். பிள்ளை வீறிட்டு அழும், உங்களால் பார்க்கவே முடியாது, சில நிமிடத்தில் முடிந்துவிடும். துணியில் இறுகச் சுற்றிக்கொண்டு, நாக்கில் ஒரு சொட்டு தாய்ப்பால் வைத்தால் அமைதியாகும். வயிறு நிறையப் பால் கொடுத்தவுடன் மட்டும் கூட்டிப் போகாதீர்கள், கக்கிவிடும். ஒரு தடவையோடு முடியாது, வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொல்வார்கள், ரத்தக் குழாய் விளிம்பு வரை வளர்ந்துவிட்டது என்று அவர்களே சொல்லும் வரை போக வேண்டும். லேசர் தேவை என்று சொன்னால் இரண்டு, மூன்று நாளுக்குள் செய்தாக வேண்டும், நல்ல நாள் பார்க்க நேரமில்லை. விருதுநகருக்கு மதுரை பக்கம்தான். அரசு மருத்துவமனையிலும் கேளுங்கள், 2013இலிருந்து நடக்கும் தேசியச் சிறார் நலத் திட்டத்தில் இந்தக் கண் நோயும் சேர்க்கப்பட்டிருக்கிறது.

நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், 1996இல் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் இதே 29 வாரத்தில், 1,250 கிராமில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. கண்ணைப் பாருங்கள் என்று யாரும் சொல்லாமலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாதங்கள் கழித்துத் தெரிந்தபோது பார்வை போய்விட்டிருந்தது. அந்தத் தந்தை விடாமல் வழக்கு நடத்தி 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்தப் பெண்ணுக்கு வாழ்நாள் முழுக்க ஆகப்போகும் மருத்துவச் செலவையும் விலைவாசி ஏற்றத்தையும் நீதிபதிகள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். தீர்ப்பு வந்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது முடிந்திருந்தது. நேரத்தில் ஒரு கண் டாக்டர் சில நிமிடம் பார்த்திருந்தால் தப்பித்திருக்கக்கூடிய இழப்பு அது. உங்கள் மருத்துவமனை எழுதியே கொடுத்திருக்கிறது. போய்விட்டு வந்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி: குழந்தை என்.ஐ.சி.யூ.வில் (பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு). நான் வீட்டிலிருந்து பால் பீய்ச்சிக் கொடுத்து அனுப்புகிறேன். அவன் குடிப்பது 2 மில்லி. இதற்காக ராத்திரி எழுந்து கஷ்டப்பட வேண்டுமா, பவுடர் பால் கொடுக்கச் சொல் என்கிறார் மாமியார். (வாசகி, விழுப்புரம்)

பதில்: அந்த 2 மில்லியை மருந்தென்று நினையுங்கள். 26, 27 வாரப் பிள்ளையின் குடல் காகிதம் மாதிரி. அது அழுகிப்போகிற ஒரு நோய் குறைமாதக் குழந்தைகளுக்கு வரும், பவுடர் பால் குடிக்கிற பிள்ளைகளுக்கு அதிகம், தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைகளுக்குக் குறைவு. வந்துவிட்டால் வயிறு உப்பி, ரத்தமாகப் போய், சில நேரம் குடலை வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். எனவே இரண்டு, மூன்று மணிக்கொருமுறை, ராத்திரியிலும் ஒரு தடவையாவது, பீய்ச்சுங்கள். முதல் நாட்களின் மஞ்சள் சீம்பால் நாலு சொட்டு வந்தாலும் கீழே ஊற்றாதீர்கள், சிரிஞ்சில் எடுத்துப் பிள்ளையின் கன்னத்துக்குள் தடவச் சொல்லுங்கள். பாத்திரத்தைக் கொதிக்க வைத்து, மூடி, பேரும் நேரமும் எழுதி, ஐஸ் பையில் அனுப்புங்கள். பால் பற்றவில்லை என்றால் பவுடருக்கு முன்னால் தாய்ப்பால் வங்கியைக் கேளுங்கள். 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது, இன்றைக்கு நம் ஊர் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் இருக்கிறது.

முடிந்தால் வீட்டில் இருக்காதீர்கள், போய்ப் பிள்ளையை நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொள்ளுங்கள். டயப்பர், தொப்பி மட்டும் போட்டு, உங்கள் தோலோடு தோல் படும்படி, நாளில் எத்தனை மணி நேரம் விடுகிறார்களோ அத்தனை மணி நேரம். கொலம்பியாவில் 1978இல் இன்குபேட்டர் பற்றாமல் ஆரம்பித்த முறை. டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் சேர்ந்த ஐந்து நாட்டு ஆய்வு ஒன்று 2021இல் வந்தது. எடை குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்த உடனேயே இதைத் தொடங்கினால் இறப்பு கால்பங்கு குறைகிறது என்று அதில் தெரிந்தது. அப்பாவும் செய்யலாம், மாமியாரும் செய்யலாம். அவரை ஒருநாள் உள்ளே கூட்டிப்போய் நெஞ்சில் வைக்கச் சொல்லுங்கள், பவுடர் பேச்சு நின்றுவிடும்.

கேள்வி: ஏழாம் மாதக் குழந்தை தங்கும், எட்டாம் மாதக் குழந்தை தங்காது என்கிறார்களே? (வாசகர், கும்பகோணம்)

பதில்: தவறு. வயிற்றில் ஒவ்வொரு வாரம் கூடும்போதும் பிழைக்கும் வாய்ப்பும் கூடுகிறது, நடுவில் எங்கும் இறங்குவதில்லை. 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் எட்டாம் மாதத்தில், இரண்டு கிலோவுக்குமேல் எடையோடு பிறந்து, 39 மணி நேரத்தில் மூச்சுத்திணறலில் இறந்தான். அன்றைக்கு அந்த நாட்டிலேயே வைத்தியமில்லை. இன்றைக்கு அதே வாரத்தில் பிறக்கிற பிள்ளையை நம் மாவட்ட அரசு மருத்துவமனையிலிருந்து நல்லபடியாக வீட்டுக்கு அனுப்புகிறோம்.

கேள்வி: கணவரின் கம்பெனி இன்ஷூரன்ஸை நம்பியிருந்தோம். பிரசவத்துக்கான 75,000 வரம்புக்குள்தான் குழந்தையின் செலவும் வரும் என்று கை விரித்துவிட்டார்கள். என் விடுப்பும் ஆஸ்பத்திரியிலேயே கரைகிறது. (வாசகி, சென்னை)

பதில்: பாலிசி வாசகத்தை எழுத்தில் கேளுங்கள். "பிறந்த நாளிலிருந்து குழந்தைக்குக் காப்பீடு" என்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் பிரசவ வரம்புக்குள் அடங்கும், மற்றதில் குடும்பத்தின் முழுத் தொகையும் கிடைக்கும். போனில் பேசுகிறவர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். குழந்தைக்குப் பெயர் வைக்காவிட்டாலும் இன்னாரின் குழந்தை என்று பாலிசியில் உடனே சேர்க்கச் சொல்லி எச்.ஆருக்கு மெயில் போடுங்கள். வரம்பைத் தாண்டிக் கொடுக்கக் கணவரின் கம்பெனி கூடுதல் நிதி ஒதுக்கியிருக்கலாம், அதையும் கேளுங்கள். மறுத்தது தவறு என்று பட்டால் முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவு, அப்புறம் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது, கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். தனியாக எடுத்த பாலிசிகளில் குழந்தைக்கு 90 நாள் முடிந்த பிறகுதான் என்று இருப்பது சகஜம். கல்யாணமான புதிதில் பாலிசி எடுப்பவர்கள் இந்த வரியைத் தேடிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

விடுப்பு: 26 வார மகப்பேறு விடுப்புக்கு மேலும், குறைப்பிரசவத்தால் தாய்க்கு உடல்நலக் குறைவு என்று மருத்துவச் சான்று கொடுத்தால் சம்பளத்தோடு ஒரு மாதம் வரை கூடுதலாகக் கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. பல எச்.ஆர்.களுக்கே இது தெரியாது.

கேள்வி: 21 வாரத்தில் பிறந்த குழந்தை பிழைத்ததாக வாட்ஸ்அப்பில் வருகிறது. என் மருமகளுக்கு 22 வாரத்தில் பிறந்து ஒரு மணி நேரத்தில் போய்விட்டது. டாக்டர்கள் முயற்சியே செய்யவில்லையோ என்று உறுத்துகிறது. (வாசகர், சேலம்)

பதில்: ஐயா, அந்தச் செய்தி உண்மைதான். 2020இல் அமெரிக்காவின் அலபாமாவில் 21 வாரம் 1 நாளில் 420 கிராமில் பிறந்த ஆண் குழந்தை பிழைத்தது. கூடப் பிறந்த இரட்டை, அதே மருத்துவமனையில், அதே கைகளில், ஒரு நாளில் இறந்துவிட்டது. பிழைத்தவன் 275 நாள் மருத்துவமனையில் இருந்தான். வாட்ஸ்அப்பில் இந்த இரண்டு வரியும் வருவதில்லை. 22 வாரத்தில் நுரையீரலில் காற்று மாறும் அறைகளே சரியாக உருவாகியிருக்காது. தோல் ஈரத் தாள் மாதிரி, தொட்டாலே கிழியும். அந்த நேரத்தில் ஊசியும் குழாயும் போடாமல் தாயின் கையில் கொடுப்பது பல சமயம் மருத்துவர்கள் யோசித்து எடுக்கிற முடிவு. என்ன யோசித்தார்கள் என்று அந்த டாக்டரிடமே நேரம் கேட்டு உட்கார்ந்து பேசுங்கள், சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. மருமகள் மேல் யாரும் ஒரு சொல் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாடி ஏறியதாலும் பப்பாளி சாப்பிட்டதாலும் இது நடக்கவில்லை.

கேள்வி: 26 வாரத்தில் பிறந்த மகளுக்கு எட்டு மாதம். இன்னும் உட்காரவில்லை. (வாசகி, நாகர்கோவில்)

பதில்: அவளுக்கு வளர்ச்சிக் கணக்கில் இன்னும் ஐந்து மாதம்கூட ஆகவில்லை. பதினாலு வாரம் முன்னால் வந்துவிட்டாள், அதைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும், இரண்டு வயது வரை இப்படித்தான். தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது, பிறந்த தேதியே கணக்கு. ஆனால் கழுத்து நிற்கவில்லை, கால் விறைப்பாகக் கத்தரி மாதிரி பின்னுகிறது, கை முஷ்டி எப்போதும் மூடியே இருக்கிறது, முகம் பார்த்துச் சிரிப்பதில்லை என்றால் காத்திருக்காமல் மாவட்டத்தில் உள்ள ஆரம்பநிலைச் சிகிச்சை மையத்துக்குப் போங்கள், இலவசம். காதுக்கு பெரா பரிசோதனை செய்தார்களா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள், இல்லையென்றால் இப்போதே செய்யுங்கள்.

கேள்வி: முதல் பிரசவம் 26 வாரத்தில் ஆகி, குழந்தை மூன்றாம் நாள் இறந்துவிட்டது. மறுபடி கருத்தரிக்கப் பயமாக இருக்கிறது. (பெயர் வேண்டாம், அரியலூர்)

பதில்: பயம் இருக்கத்தான் செய்யும். ஒன்றரை வருடமாவது இடைவெளி விடுங்கள். அதற்குள் ஏன் அப்படி ஆனது என்று தேடச் சொல்லுங்கள். ரத்தக் கொதிப்பா, சிறுநீர்த் தொற்றா, கர்ப்பப்பை வாய் பலவீனமா? வாய் பலவீனம் என்றால் மூன்றாம் மாதம் முடிந்ததும் தையல் போடலாம், ஐந்தாம் மாதத்தில் அதன் நீளத்தை ஸ்கேனில் அளக்கலாம், புரோஜெஸ்டிரான் மருந்து உண்டு. கொதிப்பு என்றால் தொடக்கத்திலேயே சிறு அளவு ஆஸ்பிரின் டாக்டர் கொடுப்பார். குழந்தைப்பேறு சிகிச்சைக்குப் போகிறீர்கள் என்றால் ஒரே ஒரு கருவை வைக்கச் சொல்லிக் கேளுங்கள். இரட்டை, மூன்று என்றால் குறைப்பிரசவ வாய்ப்பு பல மடங்கு.

இவ்வளவுக்குப் பிறகும் 24 வாரத்துக்கும் 34 வாரத்துக்கும் நடுவில் வலி வந்தால், அல்லது நீர் உடைந்தால், போகிற இடத்தில் முதலில் கேளுங்கள்: "நுரையீரலுக்கான ஸ்டீராய்டு ஊசி போட்டாச்சா?" நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்ற மருத்துவர் ஆடுகளில் வேறொன்றை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஸ்டீராய்டு கொடுத்திருந்த, சாக வேண்டிய குறைமாதக் குட்டி ஒன்று மூச்சுவிட்டுக்கொண்டு கிடந்தது. அதிலிருந்து வந்த ஊசி இது, 1972இலிருந்து மருத்துவ உலகத்துக்குத் தெரியும். நம் ஊரில் போடும் டெக்ஸாமெத்தசோன் சில பத்து ரூபாய்தான். ஆனால் குழந்தை பிறக்கும் முன் அம்மாவுக்குப் போட்டால்தான் பலன். 32 வாரத்துக்கு முன் என்றால் மூளையைக் காக்க மெக்னீசியம் ஊசியும் கொடுப்பார்கள். என்.ஐ.சி.யூ. இல்லாத மருத்துவமனை என்றால், முடிந்தவரை பிரசவத்துக்கு முன்பே, பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே, பெரிய மையத்துக்குப் போய்விடுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சீட்டை முதல் செக்கப்பிலேயே டாக்டர் மேஜையில் வையுங்கள். போன தடவை 26 வாரத்தில் பிறந்தது என்பதை உங்கள் பிக்மி அட்டையின் (அரசின் கர்ப்பப் பதிவு அட்டை) முதல் பக்கத்திலேயே, பெரிய எழுத்தில், செவிலியரை எழுதித் தரச் சொல்லுங்கள்.